பட்டறையில் கழற்றிக் கொடுத்த கால்

விடிந்தும் விடியாததுமாக சட்டத்தின் முழங்கால் பக்கத்துக் கீல் உடைந்துபோயிற்று. இடது காலுக்கு அவள் மாட்டிக்கொள்ளும் இரும்புச் சட்டம் அது. அது இல்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. உடைகிறதுதான் உடைகிறது, வேறு நாளே கிடைக்கவில்லையா அதற்கு? ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இன்று மாலைக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

சட்டத்தைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பழைய இரும்பில் சாமான் செய்கிற பட்டறைத் தெருவுக்கு வந்தாள். தகர டின்னை வெட்டி வாளி செய்கிறவர், "எனக்கு வாளிதாம்மா வரும்" என்று கையை விரித்தார். டிரம்மை அடுப்பாக்குகிறவனோ, "அடுப்பு வேணா பாருங்க, நல்லா எரியும்" என்றான். இவள் காலைக் காட்டினால் அவன் அடுப்பைக் காட்டுகிறான்!

கடைசிப் பட்டறையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் நாற்காலி செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் கீலைப் புரட்டிப் பார்த்தார்.

"சின்ன வேலைதான். கழட்டிக் குடுத்துட்டு உக்காரும்மா."

சாயங்காலத்துக்குள் வேலையில் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நெருப்புப் படக் கூடாதென்று தோல் வாரையெல்லாம் அவிழ்த்து வைத்தார், வெறும் இரும்பைத் தரையில் போட்டார், டீ குடிக்கப் போனார். போனவர் போனவர்தான்.

அதற்குள் உள்ளே போயிருந்த தம்பி, அவள் சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தது தெரியாமல் திரும்பி வந்தான். நாற்காலிக்குக் கால் வேண்டும் அவனுக்கு. தரையில் கிடந்ததில் நீளமாக, நேராக இருந்த பட்டையை எடுத்தான்.

"ஏய்! அது என் காலு!"

பக்கத்துக் கடைச் சுத்தியல் சத்தத்தில் யார் காதில் விழும்? எழுந்தாள், விழுந்தாள், தவழ்ந்தாள். அவன் சட்டையைப் பிடிப்பதற்குள் அறுக்கிற மெஷின் பட்டையை இரண்டு துண்டாக்கிவிட்டது.

"தரையில கெடந்தா பழைய இரும்புன்னுதான்கா எடுப்போம்" என்றான் தம்பி, முகம் வெளிறி.

"உன் தலையில இடி விழ!" ஆத்திரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அண்ணன் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்குப் புதுசாவே செஞ்சு தரேம்மா. வேலைக்குச் சேர்ற எடத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடேன்."

"சொன்னா? கால் இல்லாதவளுக்கு வேலை எதுக்குன்னு அதோட முடிச்சிருவாங்க. வண்டியை எடுய்யா!"

இரும்பு ஏற்றுகிற தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் இழுக்க, தம்பி தள்ள, தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. "பாத்தா பாக்கட்டும், நீ தள்ளுடா!" என்று அவள் அவன்மேல்தான் எரிந்து விழுந்தாள்.

ஆபீஸ் வாசலில் படிகள். தூக்க வந்த இருவரையும் ஒரு முறை முறைத்தாள். படிக்குப் படி உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து ஏறினாள். வேலைக்கென்று எடுத்து உடுத்திய நல்ல துணியெல்லாம் துரு.

மேனேஜர் மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அடடா, என்னம்மா இது கோலம்? நாளைக்கு வந்திருக்கலாமே!"

"இன்னிக்கு வரலைன்னா வேற ஆளுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அதுவா? அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வோம்."

அவள் தரையில் இருந்தபடியே அவரை அண்ணாந்து பார்த்தாள். பட்டறையில் வராத அழுகை, தெருவில் வராத அழுகை, அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.