வெண்ணெய்க்கையார் மகளின் கல்யாண விருந்து

வெண்ணெய்க்கையாரின் மகளுக்கு ஏழு வயதாயிருந்தபோது அவள் தட்டில் வைத்த அவித்த முட்டை குஞ்சு பொரித்தது. குஞ்சு ஆரோக்கியமாகவே வளர்ந்து கோழியாகிப் பல வருஷம் முட்டையும் இட்டது. அந்த முட்டைகளை அவிக்க வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து ஆடு, மாடு, கோழி, மீன் என்று எந்த உயிரிடமிருந்து வந்த சாப்பாடாக இருந்தாலும், அவள் பக்கத்தில் போனதும் தான் வந்த வழியை நினைத்துக்கொண்டது. பால் பாத்திரத்துக்குள்ளிருந்து கன்று கத்தியது. வறுத்த மீன் துண்டு முழுசாகித் துள்ளியது. செருப்புத் தோலுக்கும் கம்பளிச் சட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை, வாய்க்குள் போவதற்கு மட்டும்தான் இந்தக் கூத்து. அப்பாவோ ஊரறிந்த கல்யாணச் சமையல்காரர், வெண்ணெயை அள்ளிப் போடுகிற தாராளத்துக்காகவே அந்தப் பட்டப்பெயரை வாங்கியவர். அவருக்குப் போய் இப்படி ஒரு பிள்ளை! அவர் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், அவருக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. சமையல் கூடத்தைத் தெருக்கோடிக்கு மாற்றினார், வேலை முடிந்து குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தார். மகள் அந்தக் கூடத்தின் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

மகள் கீரையும் பருப்பும் பழமும் தின்று நன்றாக வளர்ந்தாள், நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலைக்குப் போனாள். பார்க்க வந்த முதல் வரன் வீட்டார் கேக் வாங்கி வந்தார்கள். கத்தியை வைத்ததும் உள்ளே கொக்கரக்கோ என்றது, வந்தவர்கள் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். இரண்டாவது வரனின் தாய்மாமா சட்டைப்பையில் பாலாடைக்கட்டி வைத்துக் கொறிக்கிறவர். அவர் பையிலிருந்து ஓர் ஆடு தலையை நீட்டியதோடு அந்தப் பேச்சும் முடிந்தது. அதன் பிறகு வெண்ணெய்க்கையார் சரியாகச் சாப்பிடுவதில்லை. தனக்குப் பிறகு இவள் ஒண்டியாக நின்றுவிடுவாளோ என்ற பயம் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்கவே மறுத்தது.

மூன்றாவது ஆளை மகளே பார்த்துக்கொண்டாள். அலுவலகத்து ஃபிரிட்ஜைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக். அவள் குறுக்கே நடந்தபோது உள்ளே இருந்த பால் பாக்கெட்டுகள் எல்லாம் சேர்ந்து கத்தின. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், "கூலிங் பத்தல போலிருக்கு" என்றான், திரும்பக் குனிந்து வேலையைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது அவன் அம்மாவுக்கு. அந்த அம்மாள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, கணவரை இழந்தவர், ஒரு பார்வையில் ஒரு வகுப்பையே உட்கார வைக்கிறவர். அவரிடம் சொல்லிவிடலாம் என்று மாப்பிள்ளை எத்தனையோ தடவை சொன்னான். வெண்ணெய்க்கையார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் முடியட்டும் தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்.

விருந்து முழுக்க முழுக்க வீகன், பால், நெய், மோர்கூடக் கிடையாது என்றதும் தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கல்யாணமா, பத்தியமா?"

"பொண்ணோட கொள்கைங்க" என்றார் வெண்ணெய்க்கையார்.

"கொள்கை நல்லதுதான். ஆனா என் சொந்தக்காரங்க முன்னாடி ஏதாவது ஏடாகூடம் ஆச்சு, பாதியில எழுந்து போயிடுவேன். பையனும் என்கூட வருவான்."

வெண்ணெய்க்கையார் அன்றே கடைகடையாக ஏறி விருந்துக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கினார். சாமான் ஒவ்வொன்றையும் மகள் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். அவள் பாட்டுக்கு வரைபடம் வரைந்துகொண்டிருப்பாள், இவர் எதிரே குந்திக்கொண்டு ரொட்டியின் மேல் காதை வைத்துக் கேட்பார். சுத்தமான தாவர வெண்ணெய் என்று அச்சடித்த டப்பா மத்தியானத்துக்குள் அம்மா என்று கத்தியது. கடைக்காரன் முகம் சுண்டிப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். மாட்டெலும்புப் பசையில் உறைந்த ஜெல்லிக்குக் குளம்பு முளைத்தது. மேலே முட்டை பூசிய பன் கீச்சுக் கீச்சென்றது. எலும்புக்கரியில் சர்க்கரையை வெளுப்பார்கள் என்று யாரோ கொளுத்திப் போட, ஒரு மூட்டைச் சர்க்கரையை அவள் கட்டிலடியில் தள்ளிவிட்டு வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாக அலைந்தார். மூட்டை வாய் திறக்கவில்லை. "என்னையும் அவ பக்கத்துல ஒரு தடவை நிறுத்திப் பாத்துடுங்க" என்றாள் மனைவி. கரண்டி, கத்தி, தட்டு, அடுப்பு எல்லாம் புதிதாக வாங்கினார். வேலையாட்களைக்கூட வீட்டுச் சாப்பாட்டை மூட்டை கட்டி வரக் கூடாது என்று மிரட்டி வைத்தார்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்தது. காளானும் கத்தரிக்காயும் முந்திரியும் வாசம் பிடித்து வந்தவர்களை நாற்காலிகளுக்கு இழுத்தன. மோதிரம் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மணமக்கள் நடு மேசையில் உட்கார்ந்தார்கள். பின்கட்டிலிருந்து நாலு ஆட்கள் குழம்பைக் கொப்பரையோடு தூக்கி வந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் வெண்ணெய்க்கையாருக்குப் புத்தியில் உறைத்தது. எல்லாவற்றையும் மாற்றியவர் இந்த இரும்புக் கொப்பரையை மட்டும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை, எந்தச் சமையல்காரருக்கும் தோன்றாது. கொழுப்பு குடித்துக் குடித்துத்தான் இரும்பு பதப்படும், சோப்பு பட்டால் பாத்திரம் செத்தது என்பது அவர்கள் தொழிலில் சட்டம். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவர் போட்ட வெண்ணெயும் கொழுப்பும் அந்த இரும்புக்குள்தான் இருந்தன. "ஐயய்யோ, நிறுத்துங்கடா!" என்று அவர் ஓடுவதற்குள் ஆட்கள் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் கொப்பரையை இறக்கிவிட்டார்கள்.

முதலில் ஒரு கொம்பு தெரிந்தது. பின்பு கன்னங்கரேலென்று ஓர் ஆடு விளிம்பில் காலை வைத்துக் குதித்து, உடம்பை உதறியது. அதன் பின்னால் கோழிகள், வாத்துகள், செம்மறிகள், பசுக்கள் என்று இறங்கிக்கொண்டே இருந்தன. எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. தள்ளுமுள்ளு இல்லை, ஒன்று இறங்கிய பிறகுதான் அடுத்தது இறங்கியது. வெண்ணெய்க்கையார் மகளின் நாற்காலியைப் பிடித்தபடி, "கெடுத்துட்டேனே தாயி, என் கையாலயே கெடுத்துட்டேனே" என்று விசும்பினார். "எனக்கு வெக்கமே இல்லப்பா" என்றாள் மகள். "நீங்க இப்படி நடுங்குறீங்களே, அதுதான் தாங்கல." அதற்குள் ஜவுளிக்கடைக்காரர் எழுந்து, "அட, இது என் கல்யாணத்து ஆடுய்யா! நானே தழை போட்டு வளர்த்தது!" என்று கூவினார். ஆடு நேராக அவரிடம் போய் நின்றது. அப்புறம் மண்டபம் முழுக்க அதே பேச்சுதான். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணச் சாப்பாடு அந்தக் கொப்பரையில்தான் ஆகியிருந்தது.

தலைமையாசிரியை எழுந்து நின்றார். மண்டபம் அடங்கியது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த ஒரு செவலைப் பசு மேசைகளை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளில் முகத்தை வைத்தது. அவர் அதன் காதைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"எங்க வீட்டுப் பசு" என்றார். "என் கல்யாணத்துக்கு வெண்ணெய் இது கொடுத்ததுதான். சமைச்சது நீங்களா?"

"இருக்கும்ங்க" என்றார் வெண்ணெய்க்கையார். அவருக்கு ஞாபகமில்லை.

"அன்னைக்கு நான் ஒரு வாய்கூடச் சாப்பிடல. எப்படிப்பட்ட வீட்டுக்குப் போறோமோன்னு பயத்துல வயிறு கல்லாயிருந்துச்சு. இன்னைக்கும் காலையிலேருந்து அப்படியேதான் இருந்தேன், எப்படிப்பட்ட பொண்ணு வருதோன்னு." மருமகளை ஒரு பார்வை பார்த்தார். உட்காரவைக்கிற பார்வை அல்ல அது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "இப்ப பசிக்குது. அதுல இன்னும் குழம்பு இருக்கா?"

எட்டிப் பார்த்தார்கள். குழம்பு சொட்டுக் குறையாமல் இருந்தது. கொப்பரையை விட்டுப் போக வேண்டியதெல்லாம் போயிருந்ததால் அதைவிடச் சுத்தமான வீகன் சாப்பாடு எங்கேயும் கிடைத்திருக்காது. பந்தி நடந்தது. வாத்துகளைத் தாண்டித் தாண்டிப் பரிமாறினார்கள். வெண்ணெய்க்கையார் ஊற்றிவிட்டு, சம்பந்தியம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் ஒரு வாய் வைத்தார், மென்றார், யோசித்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

வெண்ணெய்க்கையாருக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. உப்புக்குக் குறை சொல்கிறவர் கல்யாணத்தை நிறுத்த மாட்டார். "அடுத்த தடவை சரியா போட்டுடறேங்க" என்று சொல்லிவிட்டு, வழியில் படுத்திருந்த செம்மறியைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார்.