பதினொரு சைபர்

டொனேஷன் என்றால் கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுப்பது என்று உலகம் நினைக்கிறது. நாடுவிட்டு வந்த பிறகும் எங்கள் ஆட்களுக்கு அது சீதனத்துக்கு மேலாக மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் கொடுக்கும் காசு. அருள்நாயகம் அங்கிள் தன் மகன் ஸ்ரீதரனை எனக்குக் கட்டித்தர விலையாகக் கேட்டது இருபதாயிரம் டொலர். அதுவும் செக் வேண்டாமாம். பாங்கில் போட்டால் அரசாங்கம் அவருக்குத் தரும் வெல்ஃபெயர் காசு நின்றுவிடும். மானஸ்தன்!

அப்பா உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். இந்தக் கல்யாணத்துக்காக இரண்டாவது வேலைக்கும் போனார். நானும் தொழிற்சாலையில் ஓவர்டைம் கேட்டேன். "டொனேஷனுக்கு" என்று நான் சொன்னது, பக்கத்தில் பெட்டி ஒட்டும் யூகோஸ்லாவியக்காரி மிலிட்சாவின் காதில் விழுந்தது. ஏதோ தர்ம காரியம் என்று நினைத்துவிட்டாள், பாவம். அடுத்த நாள் தன் பங்காக ஒரு காசுத் தாள் தந்தாள். ஐந்துக்குப் பின்னால் பதினொரு சைபர். போன மாரியில் அவள் நாட்டில் அடித்ததாம். சில கிழமைகளில் விலைவாசி ஏறி, பேக்கரியில் அதற்கு ஒரு பாண்கூட வாங்க முடியாமல் போய்விட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை தகப்பனும் மகனும் டோர்செட் பார்க்கில் உள்ள எங்கள் அப்பார்ட்மென்டுக்குக் காசு வாங்க வந்தார்கள். அப்பாவிடம் பாதிதான் இருந்தது. மிச்சத்துக்குத் தவணை கேட்க அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஸ்ரீதரன் "காசு வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவன் வாயில் வடை இருந்தது.

உள்ளே போய் மிலிட்சாவின் தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன்.

வடையை விட்டுவிட்டான். தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலால் சைபர் எண்ணினான். தகப்பன் அவன் தோளுக்கு மேலால் எண்ணினார்.

"டொலரிலை எவ்வளவு வரும், ஜெயமலர்?" அவன் என் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஒரு பாணும் வராது."

அங்கிள் துள்ளி எழும்பினார். "கூப்பிட்டு வைச்சு அவமானப்படுத்திறியளோ? இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்!"

வாசலில் சப்பாத்துப் போட்டவர் திரும்பினார். தாள் அவருடைய சட்டைப் பைக்குள் தெரிந்தது.

"பிள்ளை, உது பிறகு விலை ஏறுமோ?"

"கொண்டு போங்கோ அங்கிள். டொனேஷன்தானே."

அப்பா காசுக் கவரை இறுக்கிப் பிடித்தபடி சொன்னார்:

"அப்ப ரசீதைத் தந்திட்டுப் போங்கோ."