தவளைக்கு ஒரு ஜோடி

எங்கள் ஊருணியில் குடிதண்ணீர் எடுக்கிறோம். அதனால் யாரும் செருப்போடு இறங்கக்கூடாது. கரையில் இருபது ஜோடி கிடந்தாலும், ஒரு தவளைக்கு மட்டும் என் இடது செருப்புதான் வேண்டும். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறுவதற்குள் அதில் உட்கார்ந்திருக்கும். விரட்டினால் கண்ணை மூடித் திறக்கும். அவ்வளவுதான் எனக்குள்ள மரியாதை.

பொறுக்கமாட்டாமல் இலுப்பூர் கடைத்தெருவில் புதுச் செருப்பு வாங்கினேன். பழையதை அந்தத் தவளைக்கென்றே கரையில் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஊருணியைச் சுற்றி ஒரே கூட்டம். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். எதிர்வீட்டு ஆத்மநாதன் அண்ணன் கழுத்தளவு தண்ணீரில் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"நேத்துலேருந்து ஒரு ஜோடி செருப்பு அப்புடியே கெடக்கு. யாரு வீட்டுப் புள்ள உள்ள விழுந்துச்சோ தெரியலையே!"

அந்தப் பதற்றத்திலும் அவர் தன் செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தார்.

"ஏறி வாங்கண்ணே. அது தவளைக்கு விட்டது."

மொத்தக் கூட்டமும் என்னையே பார்த்தது.

"எங்க அந்தத் தவள?" என்றார் அவர், சொட்டச் சொட்ட ஏறி வந்து.

பழைய செருப்பு காலியாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். என் புதுச் செருப்பில், அதுவும் இடதில், உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்தது.