ஆத்தா இருக்கிற உடம்பில் ஊசி

எனக்கு வாய் நீளம் என்று எருமப்பட்டி முழுக்கத் தெரியும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை மட்டும் அந்த வாயை எங்கே தொலைத்தேனோ. நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் மகள் குஞ்சம்மாளுக்கு ஆறு வயது. போன வருஷம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், குச்சியாய் இளைத்தாள், அவள் ஒன்றுக்குப் போன இடமெல்லாம் எறும்பு மொய்த்தது. நாமக்கல் டாக்டர் பார்த்துவிட்டு, "நீரிழிவும்மா. தினம் ரெண்டு வேளை இன்சுலின் ஊசி போடணும். ஒரு நாள் விட்டாலும் புள்ள தங்காது" என்றார். சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கப்பல் வந்தால் மருந்து உண்டு, வராவிட்டால் இல்லை. என் வீட்டுக்காரர் வீரபாகு சேலத்துக்கு நாலு நடை அலைந்து ஒரு பாட்டில் வாங்கி வருவார். அதைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் புதைத்து வைப்பேன். கம்பவுண்டர் கண்ணுசாமி காலையும் மாலையும் வந்து ஊசி போடுவார். அவர் சைக்கிள் மணி கேட்டாலே குஞ்சு நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இழுத்து வந்து, கதறக் கதறத் தொடையைப் பிடித்துக் காட்டுவேன். "நீ கெட்டவ" என்பாள். ஆமாம், கெட்டவள்தான்.

அப்படியே ஒன்பது மாதம் ஓட்டினோம். பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் நெற்றியில் முத்து முத்தாகக் கொப்புளம் கண்டது.

என் நாத்தனார் சாலம்மாள் உடனே வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். "மாரியாத்தா வந்திருக்கா. மூணு தண்ணி தலைக்கு ஊத்தி அவள அனுப்பற வரைக்கும் இந்த ஊட்டுல மருந்து கூடாது. ஆத்தா குடியிருக்கற ஒடம்புல இரும்பு படலாமா?" என்றாள். வீரபாகு தலையாட்டினார். கண்ணுசாமி வேப்பிலையைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

குஞ்சுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அம்மா, ஆத்தா இருக்கற வரைக்கும் ஊசி இல்லையா?"

"இல்ல சாமி."

"அப்படின்னா ஆத்தா இங்கயே இருக்கட்டும்."

நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த பாவம். ஒன்பது மாதமாகக் குழந்தையின் காலைப் பிடித்து அமுக்கிய கை, ஒரு நாளாவது ஓயட்டும் என்று எனக்கும் இருந்தது. பெரியவளே வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஊசி செய்கிற வேலையை அவள் செய்யமாட்டாளா என்று நம்பித் தொலைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வாந்தி. தண்ணீர், தண்ணீர் என்றாள். குளிர்ச்சி என்று சாலம்மாள் பானகம் கரைத்துக் கொடுத்தாள். வெல்லத் தண்ணீர்! மரம் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். உச்சிப்பொழுதுக்குள் மூச்சு மாறிவிட்டது. மேட்டில் பாரவண்டி இழுக்கும் மாடுபோல நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. வாயில் அழுகிய பழ வாடை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

"ஆத்தா மூச்சு உடறா. பயப்படாத" என்றாள் சாலம்மாள்.

"ஆத்தாளுமில்ல, கீத்தாளுமில்ல! என் புள்ள சாவுது நங்கையா!" என்று நாத்தனாரிடம் கத்தினேன்.

தலைவிரி கோலமாகக் கம்பவுண்டர் வீட்டுக்கு ஓடினேன். கண்ணுசாமி ஊசிப் பெட்டியோடு கூடவே வந்தார். ஆனால் வேப்பிலையைத் தாண்டவில்லை.

"நாமக்கல் டாக்டர் சேலம் போயிருக்காருங்க, நாளைக்குத்தான் வருவாரு. எனக்கும் சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க. நான் எப்படி உள்ள வாரது?"

"வராதீங்க. அங்கயே நில்லுங்க. எத்தன கோடுன்னு மட்டும் சொல்லுங்க."

பெட்டியைத் தரையில் வைத்தார். ஊசியைக் கொதிக்க வைத்தேன். மணலைக் கிளறிப் பாட்டிலை எடுத்தேன். எவ்வளவு மருந்து இழுப்பது, காற்றை எப்படி வெளியேற்றுவது என்று தெருவில் நின்றபடி அவர் கத்திச் சொன்னார்.

வீரபாகு குறுக்கே வந்தார். "பூவாத்தா, வேண்டாம். ஆத்தா கண்ணப் புடுங்கிருவா."

"புடுங்கட்டுங்க. கண்ணில்லாத புள்ளய நான் வளத்துக்கறேன். புள்ளயே இல்லாம என்னத்த வளக்கறது?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் தொடையெல்லாம் கொப்புளம். ஊசி இறக்க ஒரு காலணா அகலம்கூட இடமில்லை. தேடித் தேடி ஓரிடம் கண்டேன். நினைவில்லாமலே அவள் கால் உதறியது. "யாராச்சும் காலப் புடிங்களேன்!" என்று அலறினேன். சாலம்மாள்தான் வந்து உட்கார்ந்தாள். "தாயே, குத்தத்த என் தலையில போடு" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கையாலும் காலைப் பிடித்தாள். ஊசியை இறக்கினேன். குழந்தை சிணுங்கக்கூட இல்லை.

பாலாடைச் சங்கால் அவள் வாயில் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தேன். பொழுது சாயும்போது கண்ணுசாமி மறுபடி வந்து தெருவில் நின்றார். இன்னொரு ஊசி போட்டேன். ஆத்தாளைத் திட்டினேன், கும்பிட்டேன், மறுபடி திட்டினேன்.

விடிந்தபோது மூச்சு அடங்கி ஒழுங்காகியிருந்தது. குஞ்சு கண் திறந்தாள். கை மெல்ல நகர்ந்து தொடையைத் தொட்டது.

"ஊசி போட்டியா?"

"போட்டேன் சாமி."

"அப்ப ஆத்தா போயிட்டாளா?"

கால்மாட்டில் சாலம்மாள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"போகல கண்ணு. உன் காலப் புடிச்சுக்கிட்டதே அவதான்."

அவள் உதடு பிதுங்கியது. "அப்ப இனிமே ஆத்தா இருந்தாலும் ஊசி போடுவியா?"

"போடுவேன்."

ஓவென்று அழுதாள். நான் எழுந்து பாட்டிலை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இன்னும் நாலு நாள் அவள் அழுவதற்கு மருந்து இருந்தது.