விளிம்பிலிருந்து இருபது மீட்டர்

கூடத்து சோபாவை அவளும் பக்கத்து வீட்டுக்காரருமாகத் தூக்கிப் படியோரம் வைப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நேற்றுக் காலையில் டிப்பர் லாரியை எடுத்துக்கொண்டு போன அண்ணன், இன்று மத்தியானம் வெள்ளைத் துணிக்குள் வீடு திரும்பினான். எங்கே படுக்க வைப்பது என்று ஆளாளுக்குத் தங்கையான அவளைத்தான் கேட்டார்கள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை.

வந்தவர்கள் எல்லாம் ஒரே கதையைச் சொன்னார்கள். பழைய கல்குவாரிக் குழியில் ஊர்க் குப்பையைக் கொட்டப் போனவன், பின்னால் பார்க்காமல் வண்டியை விளிம்புக்கே கொண்டுபோய், வண்டியோடு சரிந்துவிட்டானாம். அவசரம், வேறென்ன என்றார் ஒருவர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவசரமாம் அவசரம். சைக்கிளை நிறுத்திவிட்டு நாலு தரம் திரும்பிப் பார்க்கிற ஆசாமி அவன். இவரோடு கடைக்குப் போனால் பொழுது விடிந்து பொழுது போய்விடும் என்று அண்ணியே கேலி செய்வாள்.

கூட வேலை செய்யும் குட்டை டிரைவர் அவளைத் தேடி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவன் எல்லைக் கம்பத்தைத் தாண்டலைம்மா. நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன். கம்பத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திட்டான். தரைதான் சரிஞ்சு போயிடுச்சு."

எவ்வளவு தூரம் இருந்தது என்று கேட்டாள். கம்பத்திலிருந்து குழிக்கு நாலு மீட்டர் இருந்தால் அதிகம் என்றார் அவர். எந்தப் புண்ணியவான் அளந்தானோ என்று சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

எங்கே கல் வெட்டலாம், வெட்டி முடித்த குழிகளில் எதில் குப்பை கொட்டலாம் என்று நகராட்சி போட்ட திட்டத்துக்கு வரைபடம் வரைந்தவள் அவள்தான். விளிம்பிலிருந்து இருபது மீட்டர் தள்ளி எல்லைக் கம்பம், லாரி அதைத் தாண்டக் கூடாது என்பது விதி. மறுநாளே கவுன்சில் கூட்டம் என்று கழுத்தை நெரித்ததில், குழியை நேரில் போய் அளக்காமல், ஆறு வருடத்துக்கு முந்தைய வரைபடத்தில் இருந்த விளிம்பையே எடுத்துப் போட்டுவிட்டாள். ஆபீசில் எல்லோரும் செய்வதுதான். அந்தப் பழைய வரைபடத்துக்குப் பிறகும் ஒரு வருடம் அங்கே கல் வெட்டியதில் விளிம்பு நகர்ந்து வந்திருக்கும் என்பது மண்டையில் உறைக்கவேயில்லை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள், வரைபடம் சொன்ன இடத்தில் கம்பத்தை நட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கென்ன வந்தது.

துக்கம் கேட்க வந்த அவளுடைய அதிகாரி அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. நீ வாயைத் திறக்காதே. டிரைவர் கவனக்குறைவுன்னு முடிஞ்சிடும்."

அவர் கையெழுத்தும் அதில் இருந்தது. அவள் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் அதே ஆள் அதே அவசரக் கதையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"அவர் அப்படிச் செய்யற ஆளா? நீயே சொல்லு."

அவள் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"இல்ல அண்ணி. கம்பத்துக்கு முன்னாடியே நிறுத்தியிருக்கான். கம்பம்தான் தப்பான இடத்துல இருந்துச்சு. இருபது மீட்டர் இருக்கணும், நாலுதான் இருந்துச்சு. வரைபடம் போட்டது நான். அளக்கப் போகலை."

அதிகாரி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணி அவளை வெறித்துப் பார்த்தாள். திட்டினால் தேவலை, இரண்டு அறை விட்டாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நாலுன்னா, இங்கேருந்து வாசல் வரைக்குமா?" என்று கேட்டாள் அண்ணி.

"அவ்வளவுதான் இருக்கும்."

அண்ணி வாசலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே நின்றவர்கள், தங்களை நகரச் சொல்கிறாள் என்று நினைத்து, இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.