அக்கா இன்னும் வாங்காத லேப்டாப்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து சுட்டுக்கொண்டு வந்தது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் வம்பு வேண்டாம்.

அக்கா பதினெட்டு வருடம் ஒரே கம்பெனியில் விண்டோஸில் ஓடும் பில்லிங் மென்பொருள் எழுதியவள். மருந்துக்கடையில் பில் கிழித்துத் தருகிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பது அவள் மூளை. கம்பெனி அந்தப் பிரிவையே மூடி, கணக்கு முடித்து அனுப்பிவிட்டது. அவளுடைய பழைய தோழி ஒருத்தி ஐபோன் ஆப் செய்யும் சின்ன ஆபீஸ் நடத்துகிறாள். "வா, கொஞ்ச நாள் பாப்போம். பிடிச்சா வேலைய நிரந்தரமாக்கிடலாம். ஆனா மேக் நீதான் கொண்டுவரணும்" என்று சொல்லிவிட்டாள். அந்த வேலை மேக் கணினியில்தான் நடக்கும், விண்டோஸில் ஆகாது. அக்காவின் கையிருப்புக்கு ஒரு மேக் வாங்கலாம். தப்பான ஒன்றை வாங்கிவிட்டால் இன்னொன்றுக்கு வழி இல்லை. மாமாவின் சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமே இழுபறி.

2

முதல் தொடக்கம்: [கடைக்குள் கணினிகள் வெள்ளிப் பறவைகளைப் போல—]

பறவையாவது, ஒன்றாவது.

இரண்டாவது: [மேக் வாங்குவதும் கல்யாணம் செய்துகொள்வதும்—] அடித்துவிட்டேன். மாமா படிப்பார்.

மூன்றாவது ஏதோ தேறியது: அவள்* கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கடையில் நின்றாள்.

(* பெயர் வைக்கவில்லை. வைத்தால் "இது நான் இல்லப்பா" என்று அக்கா நைசாகக் கழன்றுகொள்வாள்.)

"பிள்ளைக்கா மேடம்?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"எனக்குத்தான்."

"ஓ" என்று அந்தப் பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. இருந்தாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

மேசையில் மூன்று மேக் இருந்தன. ஒன்று, திரை இல்லாத சின்னப் பெட்டி. விலை குறைவு, வீட்டில் இருக்கும் பழைய மானிட்டரையே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் தோழியின் ஆபீசுக்கு மானிட்டரையும் சேர்த்தா சுமக்க முடியும்? அடுத்தது யாரோ வைத்திருந்து விற்ற லேப்டாப். மெமரி தாராளம், வயதும் தாராளம். இனி வரும் மென்பொருளெல்லாம் அதில் எத்தனை காலம் ஏறும் என்று யாரும் சத்தியம் செய்து தரமாட்டார்கள். கடைசியாக ஒரு புத்தம் புது லேப்டாப். பளபளவென்று இருந்தது, மெமரிதான் குறைச்சல்.

அவள் புதியதையே வாங்கினாள். மெமரி போதாமல் போனபோது ஒரு திருப்புளியை எடுத்துப் பின்மூடியைக் கழற்றி, கூடுதலாக ஒன்று வாங்கிச் செருகிக்கொண்டாள். சுபம்.

3

இதை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"லூசாடா நீ? இதுல மெமரிய அப்புறமா சேக்க முடியாது. போர்டோட ஒட்டியே வருது. வாங்குற அன்னிக்கே எவ்வளவுன்னு முடிவு பண்ணிடணும்."

"உன் பழைய கம்ப்யூட்டர்ல நீயே கழட்டி மாட்டினியே?"

"அதான் நானும் ஏமாறப் பாத்தேன். புதுச வாங்கிட்டு அப்புறம் ஏத்திக்கலாம்னு பில் போடற வரைக்கும் போயிட்டேன். அந்தப் பொண்ணு நல்லவ, சொல்லிட்டா. திரும்பி வந்துட்டேன்."

அக்கா வாங்கிய எதுவும் முதல் நாளே முழுசாக வந்ததில்லை. கட்டில் வந்து ஒரு வருடம் கழித்துத்தான் மெத்தை வந்தது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு குடும்பத்தை நிமிர்த்தியவள். அப்புறம் என்பதே இல்லாத ஒரு பொருளை இப்போதுதான் பார்க்கிறாள். பாவமாக இருந்தது.

"டேய், நீயே ஒண்ண முடிவு பண்ணி எழுது" என்றாள். "உன் கதைல அவ எத வாங்குறாளோ அதையே நானும் வாங்கிடறேன்."

"விளையாடாதக்கா."

"விளையாடல. வீடியோ பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. ஒருத்தன் இதுதான்றான், இன்னொருத்தன் அத வாங்கினா தெருவுல நிக்கணும்ன்றான். இதுக்கு மேல எனக்குத் தெம்பில்ல."

போனை வைத்துவிட்டு மறுபடியும் எழுத உட்கார்ந்தேன்.

4

கதைகளில் எத்தனையோ பேரைக் கூசாமல் சாகடித்திருக்கிறேன். ஒரு லேப்டாப் வாங்கிக்கொடுக்க மட்டும் துணிச்சல் வரவில்லை.

ஒரு முடிவு: அவள் பழைய லேப்டாப்பை வாங்கினாள். ஜம்மென்று ஓடியது. [ஆனால் அடுத்த வருடம்—] அடுத்த வருடம் என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு முடிவு: திரை இல்லாத பெட்டி. தோழி, "பரவாயில்ல, வீட்லேர்ந்தே செய்" என்றாள். [தோழி அப்படிச் சொல்வாளா? அவளை நான் பார்த்ததுகூட இல்லை.]

எதை எழுதினாலும் வேலை செய்துவிடுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. என் கதையில் எந்த மேக்கும் ஹேங் ஆகாது. அக்கா வீட்டில் ஆகும்.

5

இரண்டு முடிவுகளையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன்.

"இதுக்கு டாஸ் போட்டிருக்கலாம்" என்றார் மாமா, சாப்பிட்டுக்கொண்டே.

அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டுலயும் அவ வாங்கினதோட முடிச்சுட்டியே."

"அதைத்தானே கேட்ட?"

"வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியப் பிரிச்சு அது முன்னாடி உக்காருவா இல்ல? அத எழுதவே இல்லியே."

"அதுல என்ன இருக்கு?"

"எனக்குப் பயமே அங்கதான்டா." மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "எத வாங்கினாலும் அது வேலை செய்யும். நான் செய்வேனான்னுதான் தெரியல. இத்தன வருஷம் கத்துக்கிட்டதுல பாதி அங்க செல்லாது. காப்பி பண்றதுக்குக்கூட வேற பட்டன். என் பொண்ணு வயசுப் பிள்ளைங்க நடுவுல போய் உக்காந்து, இது எப்படிம்மான்னு கேக்கணும். வாங்காத வரைக்கும் நான் தோக்கல இல்ல?"

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இத்தனை நாள் நான் மெமரியைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

6

அவள் மறுபடியும் கடையில் நிற்கிறாள். மூன்றும் மேசைமேல் இருக்கின்றன.

"முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?"

[அவள் கையை நீட்டி—]

[வீட்டுக்கு வந்து அவள் பெட்டியைப் பிரித்தபோது, எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுபோல—]

பொய். அடித்துவிட்டேன்.

வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இனிமேல் எழுதுவது உங்களுக்கு இல்லை. இதுவரைக்குமான பக்கங்களை அப்படியே அக்காவுக்கு அனுப்புகிறேன்.

அக்கா, அவள் எதை வாங்குவாள் என்று நான் எழுதப்போவதில்லை. நான் எழுதிக் கொடுத்து நீ வாங்கினால், தோற்றாலும் அது என் தோல்வியாகிவிடும், ஜெயித்தாலும் உனக்கு ஒன்றும் மிஞ்சாது. பெட்டியைப் பிரிக்கும் அன்று வேண்டுமானால் பக்கத்தில் வந்து உட்காருகிறேன். எனக்கும் அதில் ஒரு மண்ணும் தெரியாது. நீ யாரிடமாவது முதல்முறையாக "இது எப்படிம்மா" என்று கேட்கும்போது, சிரிக்காத ஒரு ஆளாக நானாவது இருப்பேன்.

இப்போது கடையில் அந்தப் பெண் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லு.