குமரகுருவின் காது

பண்பொழி கோகுலாஷ்டமி உறியடியில் பதினைந்து வருஷமாகக் கயிறு என் கையில்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு கம்போடு வருகிறவனுக்கு ஊரே பொய்யாக வழி சொல்லும். முகத்தில் தண்ணீரும் அடிக்கும். எப்பேர்ப்பட்டவனும் குழம்பிவிடுவான். என் மச்சினன் குமரகுரு மட்டும் குழம்பவில்லை. நான் பானையை மேலே இழுத்தால் நின்றான். இறக்கினால் கம்பை ஓங்கினான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. மைக் பிடித்த அண்ணாச்சியைப் பார்த்தேன், டிரோன் விடுகிறவனைப் பார்த்தேன். இரண்டு பேருமே திருட்டு முழிதான் முழித்தார்கள். எதிர் மாடியில் என் மனைவி ஜோதிலட்சுமி வழக்கம்போல் போனும் கையுமாக நின்றாள்.

குமரகுருவின் தலைத்துண்டு காதை மூடியிருந்தது அப்போதுதான் உறைத்தது. கயிற்றைக் கட்டிவிட்டுப் போய்த் துண்டை உருவினேன். காதுக்குள் ப்ளூடூத்!

"ஏலே, ஒனக்கு வழி சொல்லுத களவாணி யாருலே?"

"பாட்டு கேக்கேன் அத்தான்."

கூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. அதைப் பிடுங்கி என் காதில் வைத்தேன்.

"என்னலே அங்கன கூட்டம்?" என்றாள் ஜோதிலட்சுமி. "அத்தான் கண்டுபுடிச்சிட்டாவளா?"